கூரைமேல் ஒரு செவி

எங்கிருந்தும் ஒரு செய்தியும் வராத நாள் எப்படி இருக்கும் என்பதைத் திருகோணமலைக் கரையோரத்துத் தாய்மாருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையை நாமே கண்டோம். அன்று காலை 7 மணியளவில் சுமத்திராவை அடுத்த கடலின் அடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே அலை நம் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் ஓர் எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. அலை வந்து போன பிறகோ கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தொலைபேசி ஊமையாகி விட்டது. பிள்ளை எங்கே, வாப்பா எங்கே என்று ஓடித் திரிந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இதே துறைமுகத்துக்கு 1942இல் வேறோர் அனுபவம் உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் திகதி கிழக்குக் கடலில் ரோந்து போன விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியது. அன்றிரவே துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாள் காலை குண்டு விழுந்தபோது துறைமுகம் பெரும்பாலும் காலியாக இருந்தது. வெளியேறிய கப்பல்களில் ஒன்றான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் தாக்கப்பட்டு மூழ்கியது என்பதும் உண்மையே. ஆனாலும் ஒரு செய்தியை உரிய நேரத்தில் கேட்டதால் எத்தனையோ உயிர்கள் தப்பின.

சுனாமி நாளில் நம்மைப் போலவே துண்டிக்கப்பட்டுக் கிடந்த இன்னோர் இடம் அந்தமான் தீவுகள். அங்கே போட் பிளேயர் நகரில் அன்று பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி இருந்தார். அவர் ஓர் அமெச்சூர் வானொலியாளர். பொழுதுபோக்காக உலக நாடுகளோடு வானொலியில் பேசுவதற்காகத் தம் குழுவினருடன் அத்தீவுக்குப் போயிருந்தார். 'வியூ4ஆர்பிஐ' என்பது அங்கே அவருக்கிருந்த அழைப்புக் குறி. நிலம் அதிர்ந்து தொடர்புகள் அறுந்ததும் பொழுதுபோக்குக் கருவியே உயிர்க் கருவியாயிற்று. இன்னார் உயிரோடிருக்கிறார், இன்னாருக்கு இது தேவை என்ற செய்திகளை அவரும் குழுவினரும் தாய்நாட்டுக்கு அனுப்பிக் கொண்டேயிருந்தார்கள். நம் நாட்டிலும் விக்டர் குணதிலக்க முதலான அமெச்சூர் வானொலியாளர்கள், தொலைபேசி அற்றுப்போன அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே வானொலித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

அவர்கள் பேசியதை உலகம் பாராட்டியது. ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் கேட்பது. மங்கலாக வரும் ஒரு குரலைக் கேட்டுப் புரிந்து, சரியாக எழுதிக் கொள்ளத் தெரியாதவர் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. அந்தக் கேட்கும் வேலைக்கு வீட்டில் என்ன வேண்டும், எதை வாங்கலாம், எங்கே எப்படிப் பொருத்தலாம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

அமெச்சூர் வானொலி என்பது என்ன?

வருமானம் கருதாமல், பயிற்சிக்காகவும் சேவைக்காகவும் தனியாட்கள் நடத்தும் வானொலித் தொடர்பே அமெச்சூர் வானொலி. 'ஹாம் ரேடியோ' என்றும் சொல்வார்கள். இதில் பேச வேண்டுமானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். இலங்கையருக்குக் கிடைக்கும் அழைப்புக் குறி '4எஸ்' என்று தொடங்கும். ரேடியோ சொசைட்டி ஒப் ஸ்ரீ லங்கா என்ற சங்கம் இத்துறையில் ஆர்வமுள்ளவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஆண்களுக்கு மட்டும் உரிய காரியமல்ல இது. பாரதி பிரசாத்தின் கதையே அதற்குச் சான்று.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்டுப் பழகுகிறார்கள். அப்போதுதான் வீட்டில் பேச்சு எழுகிறது. "மௌலவி, மகன் ஆக்டிவ் அன்டெனா வேணும் என்று நிற்கிறான். கடையிலே ஒரு விலை சொல்றாங்க, கத்தாரிலே இருக்கிற மாமா வேறொன்றை அனுப்புறேன் என்கிறார். எது நல்லது?" என்று மாணவர்களின் தாய்மார் கேட்பதுண்டு. விலை கூடியது நன்றாகக் கேட்கும், நீளம் கூடியது நன்றாகக் கேட்கும் என்பதுதான் பெரும்பாலோர் எண்ணம். இரண்டும் சரியல்ல.

பெரிய சுளகா, சுத்தமான அரிசியா?

7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு முறைப்படி ஒரு கம்பி அன்டெனா கட்டினால் அது 20 மீற்றர் நீளம் வரும். 3.5 மெகாஹேர்ட்ஸ் என்றால் 40 மீற்றர். சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்து வீடுகளில் அவ்வளவு வளவு யாருக்கு இருக்கிறது?

நல்ல வேளையாக, கேட்பதற்கு மட்டும் அவ்வளவு நீளம் தேவையில்லை. காரணத்தைச் சமையலறையிலிருந்தே சொல்கிறேன். கல் கலந்த அரிசியைப் பெரிய சுளகில் அள்ளினால் அரிசியும் கூட வரும், கல்லும் கூட வரும். சுளகு பெரிதானதால் அரிசி சுத்தமாகி விடாது. 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிற்றலைகளின் நிலையும் இதுதான். உலகெங்கும் இடிக்கும் இடிமின்னலின் இரைச்சல் வானத்தில் எப்போதும் நிறைந்திருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது இன்னும் அதிகம். பெரிய அன்டெனா குரலையும் கூட்டும், இரைச்சலையும் கூட்டும். நமக்கு வேண்டியதோ இரைச்சலைக் காட்டிலும் குரல் மேலே நிற்பது. அரிசிக்கும் கல்லுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம், அளவு அல்ல.

ஆகவே மிகச் சிறிய அன்டெனா ஒன்றை எடுத்து, அதன் அடியிலேயே ஒரு சிறு பெருக்கியை, அதாவது அம்ப்ளிபயரை வைத்து, அதற்கு மின்சாரம் கொடுத்தால் போதுமானது. இதுவே ஆக்டிவ் அன்டெனா. வீட்டிலிருந்து போகும் ஒரே கேபிளில் மின்சாரம் மேலே ஏறுகிறது. அதே கேபிளில் வானொலி அலை கீழே இறங்குகிறது. இரண்டையும் பிரித்து விடுவதற்கு வானொலிப் பெட்டிக்கருகே ஒரு சிறு பெட்டி வரும்.

இரண்டு வகை

கடைகளில் பல பெயர்கள் இருந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான்.

முதலாவது குச்சி வகை. ஒரு குட்டைக் குச்சியோ தீப்பெட்டியளவு செப்புத் தகடோ இருக்கும். நெதர்லாந்தின் அமெச்சூர் ஒருவர் வடிவமைத்த 'மினி விப்' இவ்வகையில் புகழ் பெற்றது. அந்நாட்டின் ட்வெண்டே பல்கலைக்கழகம் 2008இல் தன் வானொலிப் பெட்டியை இணையம் வழியே உலகம் முழுவதும் கேட்கத் திறந்து வைத்தது. அங்கே கூரைமேல் இருந்து உலகத்துக்கே கேட்கக் கொடுத்தது இந்தச் சின்னஞ்சிறு தகடுதான். விலை குறைவு, இடம் மிகக் குறைவு, எல்லாத் திசையிலும் ஒரேயளவாகக் கேட்கும். ஆனால் இது மின்புலத்தை உணரும் கருவி. வீட்டு வயரிங்கைச் சுற்றி எழும் இரைச்சலும் மின்புலமாகவே கூடுதலாகப் பரவுவதால், வீட்டுக்குள்ளோ சுவரோரத்திலோ வைத்தால் வீட்டு இரைச்சலைத்தான் கேட்கும். கூரைக்கு மேலே, சுற்றிலும் வெளியுள்ள உயரத்தில் நிறுத்த வேண்டும். உயர உயர அதன் கேள்வி கூர்மையாகும்.

இரண்டாவது வளைய வகை. ஏறக்குறைய ஒரு மீற்றர் விட்டமுள்ள அலுமினியக் குழாயோ தடித்த கம்பியோ வட்டமாக வளைந்திருக்கும். இது காந்தப்புலத்தை உணரும். தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரமே போதும், பல்கனியிலும் வைக்கலாம். இன்னொரு பெரும் நன்மையும் உண்டு. வளையத்தின் விளிம்பு நோக்கும் திசைகளில் நன்றாகக் கேட்கும். அதன் தட்டையான முகம் நோக்கும் திசைகளில் செவிடாகி விடும். பக்கத்து வீட்டில் இரைச்சல் எழுப்பும் ஒரு சாமான் இருந்தால் அந்தப் பக்கம் வளையத்தின் முகத்தைத் திருப்பி விடுங்கள், இரைச்சல் அடங்கும். தொலைவிலிருந்து வானத்தில் பட்டுத் திரும்பி வரும் குரல்கள் சாய்வாக மேலிருந்து இறங்குவதால் அவை அந்த அளவுக்கு அடங்குவதில்லை. எனவே வளையத்தைத் திருப்பும்போது நிலையத்தின் திசையைத் தேடாதீர்கள். இரைச்சலின் திசையைத் தேடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது? ஜமாலியா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், நான்கு புறமும் அயல்வீட்டு மின்சாமான்கள் சூழ்ந்த இடத்தில், வளையமே பொருத்தம். இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் விசாலமான வளவும், வீட்டிலிருந்து 15 அல்லது 20 மீற்றர் தள்ளி ஒரு குழாய் நிறுத்த வசதியும் இருந்தால் குச்சி வகை குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். தகரக் கூரை வீடானால் இரண்டில் எதையும் கூரைக்கு அடியில் வைக்க வேண்டாம். தகரம் அலையைத் தடுத்து விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம்

ஒரு சதமும் செலவழிப்பதற்கு முன்னர் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாமான்களைப் பற்றி வேறெவரையும்விட நன்கறிந்த தாய்மாரே இதை நன்றாகச் செய்ய முடியும்.

பற்றரியில் இயங்கும் சிற்றலை வானொலி ஒன்றை எடுத்து, 7 மெகாஹேர்ட்ஸ் அருகே நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து விட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். பிறகு மெயினைப் போட்டு ஒவ்வொரு சாமானாக இயக்கிப் பாருங்கள். எல்ஈடி மின்குமிழ்கள், கைத்தொலைபேசி சார்ஜர், இணைய ரவுட்டர், தொலைக்காட்சி, மோட்டார் பூட்டிய தையல் இயந்திரம், கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் அதன் இன்வேர்ட்டர் என்று எதை இயக்கும்போது எவ்வளவு இரைகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பல வீடுகளில் மலிவான ஒரு சார்ஜரைக் கழற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

அடுத்து அதே வானொலியைக் கையில் எடுத்துக் கொண்டு முற்றம், பின்வளவு, மேல்தட்டு என்று நடந்து பாருங்கள். எங்கே இரைச்சல் மிகக் குறைவோ அந்த இடமே அன்டெனாவின் இடம். கருவியை வாங்கிய பின் இடம் தேடுவதைவிட, இடத்தைக் கண்ட பின் கருவி வாங்குவதே சிக்கனம். சரியான இடத்தில் நிற்கும் மலிவான வளையம், தவறான இடத்தில் நிற்கும் விலையுயர்ந்ததைத் தோற்கடித்து விடும்.

பலமான நிலையங்கள் உள்ள ஊர்

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 1980களிலிருந்து ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தி வந்தது. 2010களின் தொடக்கத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஆசியாக் கண்டம் முழுவதும் கேட்க வேண்டும் என்று கட்டப்பட்ட பலமான நிலையம் அது. அத்தகைய நிலையத்துக்கு அருகே இருப்பவர்களுக்கு, அது ஒலிபரப்பும் வேளைகளில் ஆக்டிவ் அன்டெனாவின் பெருக்கி திணறிப் போகக்கூடும்.

எப்படித் தெரிந்து கொள்வது? ஒரே நிலையம் அதற்குரிய இடத்தில் மட்டுமன்றி அங்குமிங்கும் பல இடங்களில் கேட்கும். இரண்டு நிலையங்களின் பேச்சு ஒன்றோடொன்று கலந்து வரும். இது வானத்தின் குறையல்ல, நம் பெருக்கியின் குறை. ஆகையால் வாங்கும்போது "எவ்வளவு பெருக்கும்?" என்று கேட்காதீர்கள். "பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் கலங்காமல் நிற்குமா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், மத்திய அலையைத் தடுக்கும் சிறு வடிகட்டி ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் பூட்டலாம். வானொலிப் பெட்டியிலேயே சமிக்ஞையைக் குறைக்கும் 'அட்டெனுவேட்டர்' சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். கணினியில் செருகும் மலிவான எஸ்டிஆர் துண்டுகள் மிக எளிதில் திணறுபவை; அவற்றை வைத்திருப்போருக்கு வடிகட்டி கட்டாயம் என்றே சொல்வேன்.

பொருத்தும் முறை

குழாய்: குச்சி வகைக்கு உச்சியில் ஒரு மீற்றரேனும் பீவீசி குழாயாக இருக்கட்டும், இரும்பு, தகட்டுக்கு அடியில் நின்று விடட்டும். வளையத்தைக் கையால் திருப்பக்கூடியவாறு பூட்டுங்கள். குழாய் சாய்ந்து விழுந்தாலும் தெருவின் மின்கம்பியில் படாத தூரத்தில் நிறுத்த வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக் கொடுப்பு கூடாது. பிள்ளைகளைத் தனியே கூரையில் ஏற விடவும் கூடாது.

கேபிள்: தொலைக்காட்சிக்குப் பயன்படும் தரமான கோஎக்சியல் கேபிளே கேட்பதற்குப் போதும். ஆனால் தொலைக்காட்சிக்குரிய பிரிப்பான்களை இடையில் பூட்டாதீர்கள். மேலே போகும் மின்சாரத்தை அவை தடுக்கும், சில வேளை ஷோர்ட் ஆக்கி விடும்.

இரைச்சல் ஏறும் வழி: அன்டெனாவைத் தூரத்தில் வைத்து விட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. வீட்டின் இரைச்சல் கேபிளின் வெளித்தோல் வழியே ஊர்ந்து அன்டெனா வரை போய்ச் சேரும். எறும்பு கயிற்றைப் பிடித்துக் கொண்டு சீனிப் பேணிக்குப் போவதைப் போல. அதைத் தடுக்க, கேபிளைப் பெரைட் வளையத்துக்குள் பத்துச் சுற்று வரை சுற்றுங்கள். அன்டெனாவுக்கு அருகே ஒன்று, வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கேபிளின் வெளிவலையை மண்ணில் அடித்த ஒரு செப்புக் கோலோடு இணைத்தால் இன்னும் நல்லது. அந்தக் கோலை வீட்டின் எர்த்துடன் சேர்க்கும் வேலையை வயரிங் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். குச்சி வகைக்கு இவ்வேலை இன்றியமையாதது. கேபிளின் வெளிவலையே அதற்கு மறுபாதியாக நின்று வேலை செய்கிறது.

உப்புக் காற்று: துறைமுகக் காற்று இரும்பை மூன்று மாதத்தில் தின்று விடும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை வாங்குங்கள். மூட்டுக்களை நீர் புகாத ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமிடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டி விடும், வீட்டுக்குள் வராது. குரங்குத் தொல்லையுள்ள இடங்களில் கேபிளைத் தொங்க விடாமல் சுவரோடு சேர்த்து அடியுங்கள். இல்லையேல் அது ஊஞ்சலாகி விடும்.

மின்சாரம்: அன்டெனாவோடு வரும் சார்ஜர் சிலவேளை தானே இரைச்சலை உண்டாக்கும். 12 வோல்ட் கருவியானால் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றே சிறந்தது. பல ஆக்டிவ் அன்டெனாக்கள் ஓர் அம்பியரில் பத்திலொரு பங்கைத் தாண்டுவதில்லை. அந்தக் கணக்கில் ஒரு பற்றரி இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். கரண்ட் போன நாளில்தானே இந்தக் கருவியின் தேவையே தெரியும்!

மின்னல்: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குப் பழக்கமானது. வானம் கறுக்கும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டு விடுங்கள். கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடும்போது இதையும் சேர்த்துச் செய்வது என்று வைத்துக் கொண்டால் மறக்காது. இடி தொடங்கிய பின் கேபிளைத் தொட வேண்டாம்.

சரியாக வேலை செய்கிறதா?

பகல் நேரத்தில், நிலையம் இல்லாத ஓரிடத்தில் வைத்து, கேபிளைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பூட்டியதும் இரைச்சல் சற்றுக் கூடினால் அன்டெனா வானத்தைக் கேட்கிறது என்று பொருள். அதற்கு மேல் பெருக்கம் தேடுவது வீண் செலவு. பெரிதாக இரைந்தால் வீட்டுச் சாமான் ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது. முன் சொன்ன கொப்பியை எடுங்கள்.

அமெச்சூர்களின் பேச்சைச் சாதாரண வானொலியில் கேட்டால் வாத்துக் கத்துவது போலிருக்கும். ஏனெனில் அவர்கள் 'எஸ்எஸ்பி' முறையில் பேசுகிறார்கள். அந்த வசதியுள்ள வானொலியே வேண்டும். பகலில் 14 மெகாஹேர்ட்ஸ், மஃரிபுக்குப் பின் 7 மெகாஹேர்ட்ஸ் என்று தொடங்குங்கள். அனர்த்த காலத் தொடர்புகளுக்கென நம் பிராந்தியத்து அமெச்சூர்கள் குறித்து வைத்திருக்கும் இடங்களில் 7110, 14300 கிலோஹேர்ட்ஸ் என்பன முக்கியமானவை. இவற்றைப் பெட்டியின்மேல் ஒட்டி வையுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

ஆக்டிவ் அன்டெனா கேட்பதற்கு மட்டுமே. பின்னாளில் பிள்ளை அனுமதிப் பத்திரம் பெற்றுப் பேசும் கருவி வாங்கினால், அதை இந்த அன்டெனாவோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. ஒருமுறை பொத்தானை அழுத்தினாலே பெருக்கி கருகி விடும். பேசுவதற்கு வேறு அன்டெனா வேண்டும்.

இரண்டாவது, நமது ஊர் கடற்படைத் தளமுள்ள ஊர். போர்க்காலத்தில் கூரைமேல் ஒரு கம்பி ஏற்றுவதே அச்சத்துக்குரிய காரியமாக இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று நிலைமை வேறு. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வானொலிக் கருவி தருவிப்பதற்கு முன்னர் ஆணைக்குழுவின் விதியை விசாரித்துக் கொள்ளுங்கள். அயலவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் இன்னது செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். சொல்லாமல் வைத்த குழாய் சந்தேகத்தை வளர்க்கும். சொல்லி வைத்த குழாயைப் பற்றி, "எங்களுக்கும் ஏதாவது கேட்டால் சொல்லுங்க" என்பார்கள்.

மூன்றாவது, இது சுனாமியை முன்னறிவிக்கும் கருவி அல்ல. எச்சரிக்கை தருவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. கடல் உள்வாங்கினாலோ அபாய ஒலி எழுந்தாலோ வானொலியைத் தேடிக் கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இந்தக் கருவியின் வேலை அதற்குப் பின்னால் தொடங்குகிறது: தொலைபேசி ஊமையான பிறகு எங்கே என்ன நடந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்பதைக் கேட்டு எழுதிக் கொள்ளும் வேலை.

கேட்கும் பழக்கம்

தலைப்பிறை அறிவிப்புக்காக வானொலியின் முஸ்லிம் சேவையைச் சுற்றிக் குடும்பமே மூச்சடக்கி உட்கார்ந்திருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்று போயிற்று. கைத்தொலைபேசி வந்த பின் சிற்றலைப் பெட்டிகள் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே போய் விட்டன. கோபுரங்கள் நிற்கும் வரையில் கைத்தொலைபேசி போதும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாட்டை உலுக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்ததைப் பார்த்தோம்.

ஆகவே பிள்ளைகள் அன்டெனா கேட்டால் விளையாட்டுச் சாமான் கேட்கிறார்கள் என்று தட்டிக் கழிக்காதீர்கள். கேட்ட விலையை உடனே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். முதலில் கொப்பியோடு வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். நீங்களும் கூட நடங்கள். இரைச்சலைக் கண்டு பிடித்து அடக்கட்டும். பிறகு இடத்தைத் தெரிவு செய்யட்டும். அதன் பின் வீட்டுக்கு ஏற்ற ஒரு வளையத்தையோ குச்சியையோ வாங்கிக் கொடுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் கேட்டு, கேட்டதைத் திகதியும் நேரமும் இட்டு எழுதி வரட்டும். மகளானாலும் மகனானாலும், ஆறு மாதம் இப்படிப் பழகிய பிள்ளை பரீட்சைக்கும் ஆயத்தமாகி விடும். இன்ஷா அல்லாஹ், ஒரு தெருவுக்கு அப்படி ஒரு வீடு இருந்தால், இனியொரு முறை கம்பங்கள் சாயும் இரவில் அந்தத் தெரு ஒன்றும் தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்காது.